கூறைப்புடவையா, கூரைப்புடவையா?

காவிரிக்கரையான்:
தங்கச்சி கல்யாணத்துக்கு ஜவுளி லிஸ்ட் எழுதிட்டிருந்தோம், நான் 'கூறைப்புடவை'ன்னு எழுதுனா சித்தப்பா பேனாவ வாங்கி 'றை'ய அடிச்சிட்டு 'ரை' போட்டுட்டாரு. கட்டம் கட்டமா கீத்து முடைஞ்ச மாதிரி இருக்குல்ல, அதான் கூரைங்கறாரு. கடை போர்டுலயும் 'ரை'தான் இருக்கு. அத்தை என்னடான்னா மாயவரம் கூறைநாட்டுல நெய்யறதால வந்த பேருங்கறாங்க. எது சரி?

மாயவரத்துப் பேரன்:
'றை'தாங்க சரி. கூறைநாட்டுச் சேலை பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்யறது. எங்கம்மாவோடது இன்னும் டிரங்குப் பெட்டில இருக்கு, பிரிச்சா மடிப்புல பட்டு இழை அறுந்து போயி பருத்தி நூல் மட்டும் வலை மாதிரி நிக்கும்.

சுவடிப்பித்தன்:
கூறைங்கறது எந்த ஊர் பேரும் தேவைப்படாத பழைய சொல்லு. கூறு போடறோம்ல, அந்தக் கூறுதான். தறில ஓடற நீளத்துலேர்ந்து வெட்டி எடுத்த துண்டு கூறை. துணிச்சா துணி, துண்டிச்சா துண்டு, அறுத்தா அறுவை (சங்கப் புலவர்ல ஒருத்தர் பேரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், ஜவுளி யாவாரி, கடிஜோக் ஆசாமி இல்ல). எல்லாம் ஒரே ரகம். அப்பறம் அது கல்யாணப் பொண்ணுக்கு மட்டும்னு சுருங்குனது பின்னாடிதான். எட்டாம் நூற்றாண்டுல சுந்தரர் திருமுருகன்பூண்டில வேடுவங்க வழிமறிச்சுப் பறிச்சதப் பாடறாரு, 'குத்திக் கூறைகொண்டு ஆறலைக்குமிடம்'னு. அவருகிட்ட இருந்து கல்யாணப் புடவையவா உருவிருப்பாங்க? ஆண்டாளும் குளிக்கப் போன பொண்ணுங்க துணிய கண்ணன் மரத்துல போட்டுட்டான்னு 'குருந்திடைக் கூறை பணியாய்'ங்கறா. சாதாரண உடுதுணி, அவ்வளவுதான்.

காவிரிக்கரையான்:
அப்ப ஊருக்கு அந்தப் பேரு துணியாலதான் வந்துச்சா?

மாயவரத்துப் பேரன்:
எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம், நெசவாளிங்க ஊருதானே. அடியார்களுக்கு உடையும் கீளும் (கோவணத்தத் தாங்க இடுப்புல கட்டற துணிப்பட்டை) கோவணமும் நெய்து குடுத்த நேச நாயனாரையும் எங்க ஊரோட சேத்துதான் சொல்லுவாங்க.

காவிரிக்கரையான்:
சித்தப்பாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டுனேன். 'அப்ப போர்டு எழுதுனவன் முட்டாளா'ங்கறாரு. இப்ப லிஸ்ட்ல 'முகூர்த்தப் புடவை – 1'னு போட்டாச்சு.