சதுரச் சுவருக்கு மேல வட்ட டோம் எப்பிடி நிக்குது?

கல்லடிப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். பெரியம்மாட மகள் பாரிஸ்ல இருக்கா, போன கிழமை 12ம் வட்டாரத்தில உள்ள சென்ற் எஸ்பிரி பங்குக் கோயிலுக்குப் பூசைக்குப் போய் உள்ளுக்க நிண்டு வீடியோ கோல் எடுத்துக் காட்டினா. 1928இல தொடங்கி 1935இல முடிச்ச கோயிலாம், பைசாந்திய முறை, அதாவது பழைய கிழக்கு ரோமப் பேரரசுக்காரர் கட்டின பாணி. நான் மட்டக்களப்பில பார்த்துப் பழகினதெல்லாம் நீட்டு மண்டபம், ரெண்டு பக்கமும் தூண் வரிசை, மேல ஓடு. இது நடுவில ஒரு தூணும் இல்ல, பெரிய வெறும் இடம், அண்ணாந்து பார்த்தா வட்டமா டோம். ஆனா கீழ தளம் சதுரம். நான் டிராஃப்டிங் படிக்கிறன், ரெண்டு நாளாக் கீறிக் கீறிப் பார்க்கிறன், சதுரத்துக்குள்ள வட்டத்த வச்சா நாலு மூலையும் வெறுமையா மிஞ்சுது. அந்த மூலைய என்னத்தால மூடியிருக்காங்க, பாரம் எங்கால இறங்குது? தெரிஞ்சாக்கள் விளக்கமாச் சொல்லுங்க.

அக்கரைப்பற்று மேசன்:
தம்பி, இதக் கீறிப் பார்த்தா விளங்காது, செஞ்சு பாருங்க. நல்ல உருண்டைத் தேங்காயா ஒண்ட உடைச்சு, பாதிச் சிரட்டையக் கவிழ்த்து வைங்க. வாய் வட்டம்தானே, அதுக்குள்ள நாலு மூலையும் விளிம்பில முட்டுற மாதிரி ஒரு சதுரம் கீறுங்க. அந்த நாலு கோட்டாலயும் ஆக்சோ பிளேட்டப் போட்டு நேர செங்குத்தா அறுத்தா நாலு பக்கமும் நாலு வளைவு வாசல் வரும், சிரட்டை நாலு காலில நிக்கும். இப்ப வளைவு உச்சிக்குச் சரியா மேல் மூடியக் குறுக்கால அறுத்து எடுங்க. மேல வட்டம், கீழ நாலு கால், இடையில நாலு முக்கோணத் துண்டு, அகலம் மேல, கூர் கீழ. அதுதான் நீங்க தேடுற மூலை, எஞ்சினியர்மார் பெண்டென்டிவ் எண்டு செல்ற. அந்த வட்டத்தில இன்னொரு சிரட்டையக் கவிழ்த்தா டோம். பாரம் முக்கோணத்தாலயும் வளைவாலயும் வழிஞ்சு நாலு காலுக்கும் போகும்.

ஆனா பாரத்த விட உதைப்புத்தான் பெரிய விசயம். ஓலைப்பெட்டியக் கவிழ்த்து மேல அமத்தினா வாய் விரியுதுதானே, டோமும் அப்பிடித்தான் அடியில வெளிய தள்ளும். அதுக்குத்தான் நாங்க குப்பா, அதாவது பள்ளிவாசல் டோம், அடிக்கக்குள்ள அடியில ரிங் பீம் போடுற, டோமச் சுத்திப் பிடிக்கிற கம்பி போட்ட கொங்கிறீற் வளையம். நான் வேலை பழகின காலத்தில ஒரு பள்ளிவாசல்ல ரிங் பீம் கம்பிய ஓவர்லாப் போதாம, ஒண்டுக்கு மேல ஒண்டு ஏற விடுற நீளம் காணாம, கட்டிப் போட்டாங்க, ரெண்டு மாரி போகல்ல, அடியில இருந்து மேல நேரா வெடிப்பு ஓடிச்சு, ஒரு விரல் நகம் போற அளவு. சுத்தவர இடிச்சுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டியதாப் போச்சு.

பாரிஸ் மட்டுநகராள்:
மேசன் காக்கா சொன்னத வாசிச்சாப் பிறகுதான் எனக்கே விளங்குது, நான் இந்தக் கோயிலுக்கு எத்தினையோ தரம் போயிருக்கன். டொமெனில் மெட்ரோவில இறங்கி நடக்கிற தூரம். கீறினவர் போல் தூர்னோன் எண்ட கட்டடக் கலைஞர், இஸ்தான்புல்ல உள்ள பழைய பைசாந்தியக் கோயில் ஹாகியா சோபியாவ மாதிரியா வச்சுத்தான் கீறினவர். டோம் குறுக்களவு 22 மீற்றர். வெளிய செங்கல், உள்ள முழுக்கக் கொங்கிறீற். அந்தக் கொங்கிறீற்ற ஒளிக்காம அப்பிடியே விட்டிருக்காங்க, சாம்பல் நிறத்துக்கு மேலதான் ஓவியங்கள். பீடத்துக்குப் பின்னால பெந்தெகொஸ்தே ஓவியம் மொறிஸ் தெனி வரைஞ்சது. சிலுவைப்பாதைப் படங்கள் தெவாலியேர் எண்ட ஓவியர்ட வேலை, அதுக்கு முன்னால நிண்டா எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கும்.

காக்கா சொன்ன உதைப்புக்கு ஹாகியா சோபியாவே சாட்சி. 537இல கட்டி முடிச்சாங்க, முதல் டோம் கொஞ்சம் தட்டை, நிலநடுக்கங்களில ஆடிப் போய் 558இல விழுந்திட்டு. திரும்பக் கட்டக்குள்ள டோமின்ட உயரத்தக் கூட்டினாங்க, 562இல முடிஞ்சுது. தட்டையா இருந்தா உதைப்புக் கூட, உயர்த்தினா குறையும். அவங்களிட்ட கல்லும் சாந்தும்தான், அதால கிழக்கயும் மேற்கயும் அரை டோம் முட்டுக் குடுத்திருக்கு. தூர்னோனிட்ட கம்பி போட்ட கொங்கிறீற் இருந்திச்சு.

கல்லடிப் பொடியன்:
காக்கா, அக்கா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. இண்டைக்குப் பின்னேரம் அறுத்தன். முதல் சிரட்டை மூணாவது கோட்டில பிளந்திட்டு, ரெண்டாவதத் தண்ணியில ஊறப்போட்டு அறுத்தன், வந்திட்டு. மேல் மூடிய எடுத்திட்டு வட்டத்தக் கயிறால அளந்தா கீழ் சதுரத்தின்ட பக்க நீளமும் வட்டத்தின்ட குறுக்களவும் கிட்டத்தட்ட ஒண்டு! நான் இவ்வளவு நாளும் மேல வைக்கிற வட்டத்த மட்டும்தான் கீறினன், மூலைக்கு மூலை போற பெரிய வட்டம் இன்னொண்டு இருக்கு எண்டு நினைக்கவே இல்ல. காக்கா, ரிங் பீம் அப்ப அறுத்த அந்த வட்டத்திலதானே வரும்?

அக்கரைப்பற்று மேசன்:
ஓம் தம்பி, சரியா அதிலதான். அந்த வட்டத்தில சின்னக் கம்பி ஒண்டச் சுத்தி முறுக்கிக் கட்டிப் போட்டு, மேல் சிரட்டையக் கையால அமத்திப் பாருங்க. பிறகு கம்பியக் கழட்டிப் போட்டும் அமத்துங்க.