தென் ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், ஓவிய மியூசியம் திறந்திருக்கும்

மியூனிக், ஸ்டுட்கார்ட், நியூரம்பெர்க் பக்கம் வேலைக்கோ படிக்கவோ வந்து இறங்குகிற நம் ஆட்கள் வீடு, பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் முடிந்ததும் கேட்கிற அடுத்த கேள்வி, ஞாயிற்றுக்கிழமை என்னதான் செய்வது என்பது. சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், துணிக்கடை மூடியிருக்கும், நவம்பர் வந்தால் நாலரை மணிக்கே இருட்டிவிடும், வீட்டில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் போட்டால் அங்கே அவர்கள் தூங்கப் போயிருப்பார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஓவிய மியூசியத்துக்குப் போங்கள். "அய்யோ எனக்கு ஓவியமெல்லாம் புரியாதுங்க" என்று உடனே சொல்வீர்கள், தெரியும். புரிய வேண்டியதில்லை. கதகதப்பான கட்டடம், உட்கார பெஞ்ச், சுத்தமான கழிவறை, யாரும் கேள்வி கேட்காத இடம். மற்றதெல்லாம் போகப்போக வரும்.

மியூனிக்கில் இருப்பவர்களுக்கு முதல் தகவல். ஞாயிற்றுக்கிழமை ஆல்ட்டே பினக்கோடேக், பினக்கோடேக் டெர் மொடெர்னெ, பிராண்ட்ஹோர்ஸ்ட் மியூசியம் எல்லாவற்றிலும் நிரந்தரத் தொகுப்புக்கு நுழைவுக் கட்டணம் 1 யூரோ. மூன்றும் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. பவேரிய மாநில அரசின் மியூசியங்கள் என்பதால் இந்தச் சலுகை, பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு எந்த நாளும் இலவசம். லென்பாக்ஹவுஸ் மாநகராட்சியுடையது, அங்கே இந்த 1 யூரோ கணக்கு செல்லாது. கவுன்டரில் போய் வாதாட வேண்டாம்.

இந்த 1 யூரோவில் இருக்கிற பெரிய வசதி என்ன தெரியுமா? "காசு கொடுத்தாச்சு, எல்லாத்தையும் பார்த்துடணும்" என்ற பதற்றமே இருக்காது. புதிதாக வருகிறவர்கள் செய்கிற காரியம் இதுதான்: மூன்று மாடி, நாற்பது அறை என்று ஓடி ஓடிப் பார்த்து, கால் வலித்து, கடைசியில் ஒரு படமும் ஞாபகத்தில் நிற்காமல், "மியூசியம் எல்லாம் போர்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் சொல்வது, ஒரு மணி நேரம், நாலைந்து படம், அவ்வளவுதான். ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிஷம் நில்லுங்கள், இல்லை உட்காருங்கள், பிறகு வெளியே வந்து காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அடுத்த மாதம் இன்னொரு அறை.

எந்தப் படம் என்று கேட்டால், பழைய ஓவியங்கள் இருக்கும் ஆல்ட்டே பினக்கோடேக்கில் ட்யூரர் என்ற ஜெர்மன் ஓவியர் 1500ஆம் ஆண்டு தன்னைத்தானே வரைந்துகொண்ட படத்திலிருந்து தொடங்கலாம். அளவில் சின்னதுதான், அதனால் தேடித்தான் போக வேண்டும். 28 வயதில் வரைந்தது, அதை அவரே படத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். நேருக்கு நேராக நம்மைப் பார்க்கிற முகம், தோளில் சுருள் சுருளாக விழுகிற முடி, மார்புப் பக்கம் கோட்டின் ரோமக் காலரைப் பிடித்திருக்கிற விரல்கள். அந்த ரோமத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு இழையும் தனித்தனியாக இருக்கும். யேசுவை வரைகிற மாதிரி தன்னை வரைந்துகொண்டிருக்கிறார். அந்தக் காலத்தில் சாதாரண மனிதர்களை இப்படி நேர்முகமாக வரைவது வழக்கமில்லை, இவருக்கு இருந்த தைரியம்!

ட்யூரர் நியூரம்பெர்க்காரர். படமோ மியூனிக்கில். இது அந்த இரண்டு ஊருக்கும் இடையே இன்றைக்கும் புகைகிற விஷயம். 1805இல் இந்தப் படம் பவேரிய அரச தொகுப்புக்கு வந்துவிட்டது. 2012இல் நியூரம்பெர்க்கில் ட்யூரரின் இளமைக்காலப் படைப்புகளுக்குப் பெரிய கண்காட்சி வைத்தபோது இதைக் கடனாகக் கேட்டார்கள், படம் பயணத்தைத் தாங்காது என்று மியூனிக் மறுத்துவிட்டது, அங்கே அரசியல்வாதிகள் வரை கொதித்துப் போனார்கள். அதே மியூசியத்தில் இருக்கும் 'நான்கு அப்போஸ்தலர்' படத்தின் கதை இன்னும் மோசம். அதை ட்யூரரே 1526இல் தன் ஊர் நகரசபைக்குக் கொடுத்தது, 1627இல் பவேரியாவை ஆண்ட மாக்சிமிலியன் நெருக்கி வாங்கிக்கொண்டார். அலுவலகத்தில் நியூரம்பெர்க் ஆள் யாராவது இருந்தால் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், மதிய உணவு நேரம் முழுக்க ஓடும். "எங்களை பவேரியன் என்று சொல்லாதே, நாங்கள் பிராங்கோனியர்" என்று தங்கள் வட்டாரத்தின் பெயரைச் சொல்வதில்தான் போய் முடியும்.

அடுத்து, பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஆல்ட்டோர்ஃபர் என்ற ஓவியர் 1529இல் வரைந்த அலெக்சாண்டரின் போர்ப் படம். ஆள் உயரம்கூட இல்லாத பலகையில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள், எங்கே பார்த்தாலும் ஈட்டி, தலைக்கவசம், குதிரை. கி.மு. 333இல் நடந்த இஸ்ஸஸ் போர், ஆனால் உடுப்பெல்லாம் ஓவியர் காலத்து உடுப்பு. அந்தக் கூட்டத்தில் மூன்று வெள்ளைக் குதிரை பூட்டிய தேரில் பாரசீக மன்னன் தப்பி ஓடுவான், பின்னாலேயே அலெக்சாண்டர் குதிரையில் துரத்துவான். "கண்டுபிடி பார்க்கலாம்" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம். நெப்போலியன் படை இதை 1800இல் பாரிசுக்கு அள்ளிக்கொண்டு போனது, அவர் விழுந்த பிறகுதான் திரும்பி வந்தது.

அதே மியூசியத்தில் ரூபென்ஸ் என்ற ஓவியரின் படங்கள் இருக்கும் அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே இருக்கிற 'இறுதித் தீர்ப்பு' ஆறு மீட்டருக்கும் அதிக உயரம், இந்தப் படத்தை மனதில் வைத்துத்தான் கட்டடக் கலைஞர் கிளென்சே அந்த மண்டபத்தின் அளவையே தீர்மானித்தார். 1836இல் திறந்த கட்டடம். உடையில்லாத மனிதர்கள் குவியல் குவியலாக விழுந்துகொண்டிருப்பார்கள். பத்து வயசுப் பையன் சிரிப்பான். விடுங்கள், சிரித்துவிட்டு அடுத்த அறைக்கு வருவான், கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு ஓடினால்தான் அவனுக்கு அது பெரிய விஷயமாகும். ஜெர்மன் பள்ளிக்கூடத்திலிருந்தே இவனை இங்கே ஒருநாள் அழைத்து வரத்தான் போகிறார்கள்.

பழைய படங்களில் பாதிக்கு மேல் கிறிஸ்தவக் கதைகள். பைபிள் தெரியாதவர்களுக்கு ஒரு சுலபமான வழி, கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேல் இருந்தால் முருகன், சங்கு சக்கரம் இருந்தால் பெருமாள் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்தானே, இங்கேயும் அதே கணக்கு. சாவி இருந்தால் பேதுரு, வாள் இருந்தால் பெரும்பாலும் பவுல், உடம்பில் அம்பு தைத்திருந்தால் செபாஸ்தியன், பக்கத்தில் உடைந்த சக்கரம் இருந்தால் கத்தரீனாள். இதை வைத்துக்கொண்டே 'நான்கு அப்போஸ்தலர்' முன்னால் நின்று யார் யார் என்று பாதி சொல்லிவிடலாம்.

வான்கோவின் சூரியகாந்தியைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்திலேயே இருக்கும் நோயெ பினக்கோடேக் மியூசியத்துக்குக் கிளம்பாதீர்கள். அந்தக் கட்டடம் 2018 கடைசியில் புதுப்பிப்பு வேலைக்காக மூடியது, இன்னும் பல வருஷ வேலை. அங்கிருந்த முக்கியமான படங்களைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்டே பினக்கோடேக்கில் மாட்டியிருக்கிறார்கள்.

எனக்கு மியூனிக்கிலேயே பிடித்தது லென்பாக்ஹவுஸ்தான், முழுக் கட்டணம் கொடுத்தாலும். ஓவியர் கண்டின்ஸ்கியின் படங்கள், ஃபிரான்ஸ் மார்க்கின் நீலக் குதிரை என்று நிறம் கண்ணைப் பறிக்கும். ஆனால் நான் போவது கப்ரியேலெ ம்யுன்டர் என்ற பெண் ஓவியருக்காக. கண்டின்ஸ்கியும் இவரும் மியூனிக்குக்குத் தெற்கே முர்னாவில் ஒரு வீட்டில் இருந்தார்கள், ஊர்க்காரர்கள் அதை 'ரஷ்யர் வீடு' என்றே சொல்வார்களாம். 1914இல் போர் வந்ததும் ரஷ்யக் குடிமகனான அவர் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார், நாட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. பிறகு நாஜிகள் இந்த வகைப் படங்களையே சீரழிந்த கலை என்று முத்திரை குத்தி, 1937இல் மியூனிக்கிலேயே கேலிக் கண்காட்சி வைத்தபோது, ம்யுன்டர் அத்தனை படங்களையும் முர்னா வீட்டு நிலவறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். 1957இல் தன் 80ஆவது பிறந்தநாளையொட்டி எல்லாவற்றையும் இந்த மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள். விசாவும் குடியுரிமையும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிற நமக்கு இந்தக் கதை கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். முர்னா வீட்டையும் போய்ப் பார்க்கலாம், ரீஜனல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்தான்.

ஸ்டுட்கார்ட் ஆட்களுக்கு: ஷ்டாட்ஸ்கலரி என்ற மாநில ஓவிய மியூசியத்தில் புதன்கிழமை நிரந்தரத் தொகுப்பு இலவசம். சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும் காசு. வேலை நாள் என்பதால் கணவரோ மனைவியோ விசாவில் கூட வந்து, மொழி வகுப்பு முடிந்த பிறகு மத்தியானம் சும்மா இருப்பவர்களுக்கு இது சரியான இடம். ஜேம்ஸ் ஸ்டிர்லிங் வடிவமைத்து 1984இல் திறந்த புதுக் கட்டடத்தின் வளைந்த பச்சைக் கண்ணாடியும் குழாய் மாதிரி தடித்த இளஞ்சிவப்புக் கைப்பிடிகளும் ஊரில் அப்போது பெரிய சண்டையைக் கிளப்பின. நடுவில் இருக்கும் வட்ட முற்றம் வழியாகப் பொதுப்பாதை போகிறது, டிக்கெட்டே இல்லாமல் நடக்கலாம். உள்ளே ஷ்லெம்மர் என்ற கலைஞர் பாலே நடனத்துக்காகச் செய்த உருவங்களை விட்டுவிடாதீர்கள். ஷ்லாஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக் கட்டடம்தான் குன்ஸ்ட்மூசெயும் என்ற ஓவிய மியூசியம், அங்கே ஒட்டோ டிக்ஸ் என்ற ஓவியரின் படங்களுக்காகவே போகலாம். முதல் உலகப் போரில் கை கால் இழந்தவர்களும் ஆட்டம் போடும் பணக்காரர்களும் ஒரே படத்தில். குழந்தைகளோடு வேண்டாம், தனியாகப் போங்கள்.

நியூரம்பெர்க்கில் கெர்மானிஷஸ் நாசியோனால்மூசெயும் என்ற மியூசியம் இருக்கிறது. புதன்கிழமை மாலை நேரத்தில் இலவசம். அங்கே பெஹைம் செய்த பூகோள உருண்டை இருக்கிறது, 1492 தொடங்கிச் செய்தது, இன்றைக்கு மிஞ்சியிருக்கிற உலக உருண்டைகளிலேயே பழையது. அதில் அமெரிக்கா கிடையாது. கொலம்பஸ் இன்னும் ஊர் திரும்பவில்லை. ஐரோப்பாவிலிருந்து மேற்கே கடலைத் தாண்டினால் நேராக ஆசியா வந்துவிடும். ஆக்ஸ்பர்க் போனால் ஃபுக்கர் குடும்பத்துப் பெரும் பணக்காரர் யாக்கோபை ட்யூரர் வரைந்த படம் உண்டு. மிளகுக்காக 1505இல் போர்த்துக்கீசியர் இந்தியாவுக்கு அனுப்பிய கப்பல்களில் இந்த ஊர் வியாபாரிகள் பணம் போட்டிருந்தார்கள், நம் பக்கத்து மிளகு இந்த ஊர் மாளிகைகளிலும் கொஞ்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உல்ம் போனால் சிங்க மனிதன், மாமூத் யானைத் தந்தத்தில் செதுக்கியது, சுமார் நாற்பதாயிரம் வருஷப் பழசு, முழங்கை நீளம்கூட இருக்காது. நம் ஆட்கள் பார்த்ததும் நரசிம்மர் என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள், இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது, ஆனால் தோன்றத்தான் செய்யும்.

இனி, கேட்டுக்கொண்டே இருக்கிற சில்லறை விஷயங்கள். திங்கட்கிழமை பெரும்பாலான மியூசியங்கள் விடுமுறை. டிசம்பர் 24, 31 போன்ற நாட்களில் கிளம்பும் முன் வலைத்தளத்தில் ஒரு தடவை பாருங்கள், சில அறைகள் சொல்லாமல் மூடியிருப்பதும் உண்டு. 1 யூரோ, 2 யூரோ நாணயம் பையில் வைத்திருங்கள், லாக்கரில் போட வேண்டும், எடுக்கும்போது திரும்ப வந்துவிடும். முதுகுப் பை, குடை, ஈரக் கோட் எல்லாம் அங்கேதான். சின்னப் பை என்றால் முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். காவலர் நம்மையே பின்தொடர்கிற மாதிரி தோன்றினால் "நிறத்தைப் பார்த்துச் செய்கிறார்" என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஆல்ட்டே பினக்கோடேக்கில் 1988இல் ஒருவர் ட்யூரர் படங்கள் மேல் அமிலம் ஊற்றினார், அதிலிருந்து கெடுபிடி எல்லோருக்கும்தான். நிஜமாகவே உங்களிடம் மட்டும் முறைத்தால் தகவல் மேசையில் போய்ச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். படத்தில் இருப்பதை விரலால் சுட்டிக் காட்டும்போது பார்த்து, கிட்டப் போனால் அலாரம் கத்தும், கூட்டமே திரும்பிப் பார்க்கும்.

மாணவர்கள் அடையாள அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். சலுகை டிக்கெட்டைக் கேட்டால்தான் கொடுப்பார்கள். ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுநிலை படிப்பவர்களுக்கு ஒரு யோசனை: ஜெர்மன் மொழியில் நடக்கும் சுற்றில் சேர்ந்துகொள்ளுங்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கிற படத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், பாதி வார்த்தை தெரியாவிட்டாலும் பொருள் பிடிபடும், வகுப்பறைப் புத்தகத்தை விட இது எவ்வளவோ மேல்.

கோடையில் அம்மா அப்பா வரும்போது என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள், பெரிய மியூசியங்களில் மடக்கு நாற்காலியும் சக்கர நாற்காலியும் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். சனி, ஞாயிறு என்றால் பவேரியா முழுக்க ஒரு நாள் செல்லும் பயெர்ன் டிக்கெட் நள்ளிரவிலிருந்தே செல்லும், வேலை நாளில் காலை ஒன்பதுக்குப் பிறகு. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் ரீஜனல் ரயிலில் மியூனிக்கிலிருந்து நியூரம்பெர்க், ஆக்ஸ்பர்க், உல்ம் வரைகூடப் போய்வரலாம், ஐசிஇ எனும் அதிவேக ரயிலில் மட்டும் ஏறிவிடாதீர்கள். மியூசியக் காபிக் கடையில் சைவத்துக்குக் கேக்கை விட்டால் பெரிதாக ஒன்றும் இருக்காது. எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ கட்டிக்கொண்டு போய், லாக்கரில் வைத்துவிட்டு, பார்த்து முடித்ததும் ஆல்ட்டே பினக்கோடேக்கைச் சுற்றியிருக்கிற புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வெயில் அடிக்கிற நாளில் பாதி ஊரே அங்கேதான் சாய்ந்து கிடக்கும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.