வங்காளம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்களேன்

வங்காள நாட்டார் கதைகளில் பெண்கள் பற்றி எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் பேச வேண்டும். 1907-இல் வந்த ‘டாகுர்மார் ஜுலி’ (பாட்டியின் பை) என்ற கதைத் தொகுப்பில் உள்ள ‘சாத் பாய் சம்பா’ கதையை எடுத்திருக்கிறேன். இளைய ராணிக்குப் பிறந்த ஏழு ஆண் குழந்தைகளையும் ஒரு பெண்ணையும் மூத்த ராணிகள் புதைத்துவிடுகிறார்கள். அவை ஏழு செண்பகமாகவும் ஒரு பாதிரிப்பூவாகவும் பூக்கின்றன. வேறு யார் பறிக்க வந்தாலும் கைக்கு எட்டாமல் மேலே போய்விடும் பூக்கள், வறட்டி பொறுக்கும் வேலைக்காரியாகிவிட்ட அம்மா வந்ததும்தான் இறங்குகின்றன!

கடைசியில் மூத்த ராணிகளைக் கீழும் மேலும் முள் வைத்துப் புதைக்கிறார்கள். இளையவளை விரட்டிய ராஜாவுக்கோ ஒன்றுமே இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

பாட்டியின் பை என்று பெயர் இருந்தாலும் தொகுத்தவர் தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தார் என்ற ஆண். வீட்டுப் பெண்கள் வாய்மொழியாகச் சொல்வதில் ராஜாவை யாராவது தட்டிக்கேட்கிறார்களா? கொல்கத்தாவில் வளர்ந்தவர்கள், வங்காள மாமியார் உள்ளவர்கள் கேட்டுச் சொன்னால் நல்லது. அப்புறம், வளையல் போட்ட பேய் ‘ஷாங்க்சுன்னி’ கதை தெரிந்தாலும் எழுதுங்கள்.