ஒலி வருகிறது, படம் வரவில்லை: மானிட்டரும் எச்டிசிபியும், உங்கள் அனுபவங்கள்

திரைநேசன் எழுதியது:

எச்டிசிபி என்பது, படத்தை யாரும் நகலெடுக்காதபடி பிளேயரிலிருந்து திரைக்குப் போகும் சமிக்ஞையைப் பூட்டி அனுப்பும் முறை; இரு முனையிலும் அது இருந்தால்தான் படம் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். புதிய 4கே மானிட்டர், 4கே வட்டுகளை ஓட்டும் பிளேயர், இரண்டும் ரசீதோடு வாங்கியவை. வட்டும் அசல். பிளேயரின் முகப்புப் பக்கம் பளிச்சென்று வந்தது. அப்பாவை அழைத்து உட்கார வைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டேன்.

தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் ஒரு கணம் தெரிந்தது. அடுத்த கணம் திரை கறுப்பு. ஸ்பீக்கருக்குத் தனிக் கேபிள் என்பதால் ஒலி மட்டும் நிற்கவில்லை. மழை பெய்கிறது, யாரோ படியேறுகிறார்கள், கதவு தட்டப்படுகிறது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, "எனக்குத்தான் தெரியவில்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

மானிட்டரின் பின்புறம் இரண்டு எச்டிஎம்ஐ முனைகள். வடிவம் ஒன்று, அச்சிட்டிருக்கும் பெயரும் ஒன்று. ஆனால் ஒன்றில் 4கே படங்கள் கேட்கும் எச்டிசிபி 2.2 பதிப்பு, மற்றதில் வெறும் 1.4, பழைய பதிப்பு. கேபிளை மாற்றிச் செருகியதும் படம் வந்துவிட்டது. இந்தத் தகவல் பெட்டியில் இல்லை, விற்பனைப் பக்கத்தில் இல்லை. கையேட்டின் பின்பகுதியில், ஓர் அட்டவணைக்கு அடியில், பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி. எத்தனை கோடி வண்ணங்கள் என்று பெட்டியின் நான்கு பக்கமும் அச்சடிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஒரு வரியையும் அங்கே போட்டிருக்கலாம். உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?


இரட்டை இணைப்பு எழுதியது:

உங்களுக்காவது மாற்றிச் செருக இன்னொரு முனை இருந்தது, நண்பரே. நான் சொல்வது 30 அங்குல, 2560×1600 மானிட்டர்கள் வந்த காலம். அத்தனை புள்ளிகளையும் அனுப்ப, அன்றைய கேபிள் வகையான டிவிஐயின் இரட்டை இணைப்பு, அதாவது ஒரே கேபிளில் இரண்டு தடங்கள், வேண்டும். அந்தத் தலைமுறையில் மானிட்டர், கிராபிக்ஸ் கார்டு ஆகிய இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு எச்டிசிபி ஒற்றை இணைப்பில்தான் வேலை செய்யும். எழுதும்போதும் வரையும்போதும் முழுத் திரையும் கிடைக்கும். பாதுகாக்கப்பட்ட படம் வேண்டுமென்றால் 1280×800க்கு இறங்க வேண்டும், அதாவது வாங்கிய புள்ளிகளில் கால் பங்குக்கு.

அதற்கு முன்பே என் கார்டு கைவிட்டிருந்தது. 2006ஆம் ஆண்டுவாக்கில் விற்ற கார்டுகள் பலவற்றின் பெட்டியில் எச்டிசிபி என்று அச்சிட்டிருந்தார்கள். எச்டிசிபிக்கான ரகசியச் சாவிகள் பதித்த சில்லு தனியாக வர வேண்டும். அதைப் பொருத்தாமலே கார்டை விற்றார்கள். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். "எங்கள் கார்டின் வடிவமைப்பு அதை ஏற்கும்" என்று பதில் வந்தது. சில்லை அனுப்புவீர்களா என்று திரும்பக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. பெட்டியை மட்டும் இன்னும் பரணில் வைத்திருக்கிறேன், அந்த எழுத்துகளுக்காக.


வகுப்பறை எழுதியது:

கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஓர் ஆவணப்படம், நூலகத்துக்கு முறைப்படி வாங்கிய வட்டு. மேசை மேல் எனக்கு ஒரு மானிட்டர், மாணவர்களுக்குப் புரொஜெக்டர், நடுவில் படத்தை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் ஒரு ஸ்பிளிட்டர். மானிட்டர் புதியது, எச்டிசிபி உண்டு. புரொஜெக்டர் பழையது, அதில் இல்லை. இரண்டுமே இருண்டுவிட்டன. சங்கிலியில் ஒரு கண்ணி பதில் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் படம் கிடையாது.

கேபிளைப் பிடுங்கினேன், செருகினேன், பிளேயரை அணைத்துப் போட்டேன். அரங்கம் நிறைய மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பையன் எழுந்து மிகவும் மரியாதையாகக் கேட்டான்: "ஐயா, திருட்டுப் பிரதியாக இருந்தால் இந்நேரம் ஓடியிருக்கும், இல்லையா?" யாரும் சிரிக்கவில்லை. நானும் இல்லையென்று சொல்ல முடியவில்லை. பதிப்புரிமை பற்றி அதே வகுப்பில் பேசியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை எடுக்கும்போதெல்லாம் அவன் முகம்தான் நினைவுக்கு வருகிறது.


தொகுப்பு மேசை எழுதியது:

வகுப்பறை ஐயாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் திருட்டுப் பிரதி ஓடும் என்பதால் பூட்டே வேண்டாம் என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. படத்தொகுப்பும் வண்ணச் சீரமைப்பும் என் தொழில். ஒரு படத்துக்காக மாதக்கணக்கில் கண் விழித்தவர்களை எனக்குத் தெரியும். வெளியான அன்றே அது கசிந்தால் அடுத்த படத்துக்கான சம்பளம் யாருக்குக் குறையும் என்பதும் தெரியும்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்த ஒரு படம் ஸ்ட்ரீமிங்கில் வெளியானது. வண்ணம் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று என் தொழில்முறை மானிட்டரில் பார்க்க விரும்பினேன். அது எங்கள் தொழிலில் பயன்படும் எஸ்டிஐ என்ற கேபிள் இணைப்பில் இயங்குவது, அந்த இணைப்பில் எச்டிசிபியே கிடையாது. எச்டிஎம்ஐயை எஸ்டிஐ ஆக மாற்றும் பெட்டி, பாதுகாக்கப்பட்ட சமிக்ஞையைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. பட்டியலில் என் பெயர் ஓடும் படம், அதை எந்தத் திரையில் செதுக்கினேனோ அந்தத் திரையில் வரவில்லை. வலித்தது. இருந்தாலும் பூட்டு வேண்டும் என்கிற பக்கம்தான் நிற்கிறேன்.


நாற்பது சாவி எழுதியது:

தொகுப்பு மேசை அவர்களே, உங்கள் உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் எந்தப் பூட்டின் பக்கம் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். இன்டெல் உருவாக்கிய எச்டிசிபி 1 வரிசையில் ஒவ்வொரு கருவிக்கும் 40 சாவிகள், அதாவது ரகசிய எண்கள், ஒவ்வொன்றும் 56 பிட். அவையெல்லாம் ஒரே மூலச் சாவியிலிருந்து கணக்கிட்டு எடுத்தவை. இதில் ஓட்டை இருக்கிறது என்று 2001லேயே குறியாக்க வல்லுநர் நீல்ஸ் ஃபெர்குசன் சொன்னார். நான்கு கணினிகளும் 50 எச்டிசிபி திரைகளும் இருந்தால் இரண்டு வாரத்தில் மூலச் சாவியை எடுத்துவிடலாம் என்றார். அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சி ஆய்வை வெளியிடவில்லை. 2010 செப்டம்பரில் அந்த மூலச் சாவியே இணையத்துக்கு வந்துவிட்டது, இன்டெலும் அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. அதன் பிறகும் அந்தப் பூட்டு தடுத்தது யாரை? திரைநேசனின் அப்பாவையும் வகுப்பறை ஐயாவின் மாணவர்களையும்தான். 2.2 வரிசை வலுவானது, ஆர்எஸ்ஏ, 128 பிட் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறைகள் எல்லாம் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன் சுமையும் வாங்குகிறவர் தலையில்தான்.

என் கதை சின்னது. நீளமான கேபிள் வழியே படம் பார்க்கும்போது திரை முழுக்க வண்ணப் புள்ளிகள் கொட்டும், மறையும், மறுபடி கொட்டும். படம் ஓடும்போதும் இரு கருவிகளும் ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டே இருக்கும், அதில் இசைவு தவறியதால் வந்த வினை. மகள் அதைப் பார்த்துப் பயந்து அறையை விட்டு ஓடிவிட்டாள். கேபிளை மாற்றினேன், சரியானது.

இனி வாங்கப் போகிறவர்களுக்குச் சில செய்திகள். எச்டிஎம்ஐ பதிப்பு வேறு, எச்டிசிபி பதிப்பு வேறு. எச்டிஎம்ஐ 2.0 என்று எழுதியிருப்பதால் எச்டிசிபி 2.2 இருந்தே தீரும் என்று நம்பாதீர்கள். வாங்கும் முன்பே கையேட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாக என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். எதுவும் சொல்லாவிட்டால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐக்கான 2.2 வரையறை 2013இல்தான் வந்தது. அதனால் முதல் தலைமுறை 4கே மானிட்டர்களில் பலவற்றில் அது இருக்காது. பழைய மானிட்டரை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பின்னால் மென்பொருள் புதுப்பிப்பில் வந்துவிடும் என்று விற்பவர் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். வன்பொருளில் இல்லாத ஒன்றைப் பெரும்பாலும் மென்பொருளால் கொடுக்க முடியாது. மானிட்டர் மட்டும் போதாது, இடையில் வரும் ஸ்விட்ச், ஆம்ப்ளிஃபையர், மடிக்கணினியைத் திரையோடு இணைக்கும் யுஎஸ்பி டாக் எல்லாவற்றுக்கும் அதே பதிப்பு வேண்டும். முக்கியமானது இது: கணினியின் முகப்புத் திரை (டெஸ்க்டாப்) தெளிவாகத் தெரிவதால் எதுவும் நிரூபணமாகாது, அதற்கு எச்டிசிபி தேவையே இல்லை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பாதுகாக்கப்பட்ட ஒரு 4கே படத்தை, நீங்கள் பயன்படுத்தப் போகும் அதே முனையில், அதே கேபிளில் ஓட்டிப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டின் அமைப்புப் பக்கத்தில் எச்டிசிபி நிலையைக் காட்டும் இடம் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். கணினியில் எழுத்து வேலை, நிரலாக்கம், விளையாட்டு மட்டும் என்றால் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.


தொகுப்பு மேசை எழுதியது:

இழையைத் தொடங்கியவர் கேட்டது அனுபவம், நீங்கள் கொடுத்தது கையேடு. நான் பூட்டு வேண்டும் என்றேன், இந்தப் பூட்டே சிறந்தது என்று எங்கும் சொல்லவில்லை. மூலச் சாவி வெளியானதை வைத்து எல்லாப் பாதுகாப்பும் வீண் என்றால், 2.2 வந்த பிறகு நிலைமை என்ன ஆனது என்பதையும் பேச வேண்டும். ஆனால் பெட்டி மேல் பதிப்பு எண்ணைப் போட வேண்டும் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். அதற்காக ஒரு கடிதம் எழுதினால் என் கையெழுத்தும் உண்டு.


ஆட்டப்பதிவு எழுதியது:

பெரியவர்கள் வாதத்துக்கு நடுவே என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுக் கருவியில் தம்பியும் நானும் சேர்ந்து ஆடியதைப் பதிவு செய்ய ஒரு பதிவுக் கருவி வாங்கினேன். மானிட்டரில் ஆட்டம் ஓடுகிறது, பதிவில் கறுப்பு மட்டும். அந்த விளையாட்டுக் கருவி திரைப்படம், ஆட்டம் என்று பார்ப்பதில்லை, வெளியே அனுப்பும் எல்லாவற்றையும் எச்டிசிபியில் போர்த்தி அனுப்புகிறது. தம்பி அன்று முதன்முறையாக என்னை வென்றான். "அண்ணா, போட்டுக் காட்டு" என்று பக்கத்தில் வந்து நின்றான். காட்ட எதுவும் இல்லை. யாருடைய படத்தையும் நாங்கள் திருடவில்லையே? பின்னாளில் வந்த கருவிகளில் ஆட்டத்துக்கு மட்டும் அதை அணைக்க வசதி கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆட்டம் போனது போனதுதான்.


பக்கத்துத் திரை எழுதியது:

நாற்பது சாவி சொன்ன பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது. நான் அதில்தான் மாட்டினேன், ஆகவே எழுதுகிறேன்.

என் மேசையில் புதிய 4கே மானிட்டரும், பக்கத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு பழைய மானிட்டரும் உண்டு. புதியதில் எல்லா முனைகளிலும் 2.2. கேபிள் நல்லது, கார்டு புதியது, 4கே சந்தாவுக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. ஆனாலும் ஸ்ட்ரீமிங்கில் படம் மங்கலாகவே வந்தது. எந்தப் பிழைச் செய்தியும் கிடையாது. கறுப்புத் திரை வந்திருந்தால்கூடத் தேடியிருப்பேன். இது சத்தமில்லாமல் தரத்தைக் குறைத்துவிடுகிறது, கட்டிய பணத்துக்கு உரியது வரவில்லை என்பதைக்கூட யாரும் சொல்வதில்லை. சேவை மையத்தில் இணைய வேகத்தைச் சோதிக்கச் சொன்னார்கள், சோதித்தேன். உலாவியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன்.

ஒருநாள் மேசையைத் துடைக்கும்போது பழைய மானிட்டரின் கேபிள் கழன்றுவிட்டது. படம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி மறுபடி தொடங்கினேன். நடிகையின் புடவைக் கரையில் அதுவரை வெறும் மஞ்சள் பட்டையாகத் தெரிந்த இடத்தில் இழை இழையாக ஜரிகை தெரிந்தது. கேபிளைச் செருகிவிட்டு முதலிலிருந்து ஓட்டினேன், மறுபடியும் மஞ்சள் பட்டை. படம் ஓடாத பக்கத்துத் திரையையும் அந்தச் சேவை கணக்கில் எடுக்கிறது. கணினியோடு இணைந்திருக்கும் எல்லாத் திரைகளும் 2.2 ஆக இருந்தால்தான் முழுத் தரத்தைக் கொடுக்கிறது. பழைய மானிட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் இல்லை, போட வேண்டிய காரணமும் இல்லை.

வகுப்பறை ஐயா, உங்கள் புரொஜெக்டருக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். ஸ்பிளிட்டரை எடுத்துவிட்டு ஒரு திரைக்கு மட்டும் அனுப்பிப் பார்த்தீர்களா?


வகுப்பறை எழுதியது:

பார்த்தேன். மானிட்டரில் வந்தது. முதல் இரண்டு வரிசை அதைச் சுற்றி நின்று பார்த்தது, மற்றவர்களுக்கு நான் வாயால் சொன்னேன். அடுத்த ஆண்டுக்குப் புதிய புரொஜெக்டர் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பழையதில் விளக்கும் கெடவில்லை, வில்லையும் கெடவில்லை. விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டத்தில் "எச்டிசிபி" என்று எழுதினேன், அது என்ன பழுது என்று அலுவலகத்திலிருந்து கேட்டு அனுப்பியிருக்கிறார்கள்.