அமெரிக்காவில் பரிசோதனை இயற்பியல் பி.எச்டி.: புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள்

இந்த ஆகஸ்டில் இயற்பியல் பி.எச்டி.க்காக அமெரிக்கா வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். எந்த சிம் வாங்கலாம், பொன்னி அரிசி எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் உங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் வாட்ஸப் குழுவிலேயே நாலு பேர் சொல்லிவிடுவார்கள். குக்கர் மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள். நான் சொல்ல வந்தது லேபுக்குள் வாழ்க்கையைக் கழிக்கப்போகிறவர்களுக்கானது.

நம் வேலை ஒரு கருவியை நம்பி இருக்கிறது. அது எப்போது ஒழுங்காக ஓடும், எப்போது படுத்துக்கொள்ளும் என்று பேராசிரியருக்கே தெரியாது. ஆனால் ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் மாணவர் சேர்க்கைப் படிவம்), விசா, கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) என்று மற்ற எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. இந்த இரண்டையும் முதல் வருடத்திலிருந்தே சேர்த்து யோசிக்கிறவர்களுக்குக் கடைசி வருடங்களில் நெருக்கடி குறைகிறது. இங்கே இருந்து பார்த்ததில் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

முதலில் லேப் தேர்வு. பேராசிரியரின் பெயரையும் பேப்பர்களையும் பார்த்துச் சேர்ந்துவிடுவது நம்மவர்கள் வழக்கம். அது போதாது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்.எஸ்.எஃப்.) தரும் பெரிய பட்டதாரி ஃபெலோஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். ஆக, நம் சம்பளம் பெரும்பாலும் பேராசிரியரின் கிராண்டிலிருந்து ஆர்.ஏ.வாக (ஆராய்ச்சி உதவியாளராக) வரும், அது இல்லாத செமஸ்டரில் டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) வேலை செய்ய வேண்டும். அதனால் சேரும் முன்பே கேளுங்கள்: இந்த கிராண்ட் எந்த வருடம் வரை இருக்கிறது, அது முடிந்தால் என்ன ஏற்பாடு? பணத்தைப் பற்றி ஆசிரியரிடம் கேட்பதா என்று கூச்சப்பட வேண்டாம். இங்கே இது சாதாரணக் கேள்வி.

அடுத்து, நீங்கள் வேலை செய்யப்போகும் கருவி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதா, இனிமேல்தான் கட்ட வேண்டுமா என்று பாருங்கள். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரின் லேப் என்றால் காலி அறை, மூடிய பெட்டிகள், தண்ணீர் இணைப்பு கொடுக்க வரவேண்டிய பிளம்பர் என்றுதான் தொடங்கும். முதல் இரண்டு வருடம் பம்ப் விலை விசாரிப்பதிலும் பர்ச்சேஸ் ஆர்டர் போடுவதிலும் போகலாம். அதில் தவறில்லை. அப்படி வளர்ந்தவர்களுக்குக் கருவியின் ஒவ்வொரு திருகும் தெரியும், பின்னால் வேலை தேடும்போது அது பெரிய பலம். ஆனால் முதல் பேப்பர் தாமதமாகும் என்று தெரிந்தே சேருங்கள். இயற்பியலில் ஆறு வருடம் ஆவது இங்கே சகஜம். ஏழு, எட்டு என்று நீளும் குழுக்களும் உண்டு. எது எப்படி என்பதை அந்தக் குழுவில் முடித்துப் போனவர்களுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். வெளியே போனவர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள்.

கருவி எப்படி நாட்களை விழுங்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அல்ட்ரா ஹை வேக்யூம் (காற்றை ஏறக்குறைய முழுவதும் அகற்றிய வெற்றிட) அறை ஒன்றில் ஒரு மாதிரியைப் பொருத்த மூடியைத் திறக்கிறீர்கள். மூடும்போது பழைய செப்பு கேஸ்கெட்டை (இடுக்கை அடைக்கும் வளையத்தை) எறிந்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். போல்ட்டுகளை ஒரேயடியாக முறுக்காமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பிறகு காற்றை வெளியேற்றும் பம்ப் ஓடும். அறை முழுக்க ஹீட்டர் டேப் சுற்றி, மேலே அலுமினியத் தாள் போர்த்தி, நூறு டிகிரிக்கு மேல் சில நாள் சுட வைக்க வேண்டும். ஆறிய பிறகுதான் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். யாராவது கையுறை இல்லாமல் உட்புறத்தைத் தொட்டிருந்தால் அந்த விரல் எண்ணெய் கசிந்துகொண்டே இருந்து அழுத்தத்தை இறங்க விடாது. ஃபிளாஞ்சின் (மூடி பொருந்தும் வளையத்தின்) விளிம்பில் ஒரு மெல்லிய கீறல் இருந்தாலும் போச்சு. ஹீலியம் குழாயை ஒவ்வொரு மூட்டருகிலும் காட்டி, உள்ளே நுழையும் ஹீலியத்தைக் காட்டும் லீக் டிடெக்டரில் எண் எங்கே குதிக்கிறது என்று பார்த்து, திறந்து, மாற்றி, மறுபடி சுட வேண்டும். அந்த வாரம் போயிற்று. மில்லிகெல்வினுக்கு (கிட்டத்தட்ட மைனஸ் 273 டிகிரி செல்சியஸுக்கு) குளிர்விக்கும் டைல்யூஷன் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்: உள்ளே ஒரு வயர் விட்டுப்போனால் முழுவதையும் சூடாக்கித் திறக்க வேண்டும்.

இதற்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உங்கள் ஐ-20இல் படிப்பு முடியும் தேதி அச்சிட்டிருக்கும். அதற்குள் முடியாது என்றால், அந்தத் தேதி வருவதற்கு முன்பே நீட்டிப்பு வாங்கியாக வேண்டும். தேதி கடந்துவிட்டால் நிலைமை மிகச் சிக்கலாகிவிடும். நீட்டிப்புக்குத் தகுந்த கல்விக் காரணம் வேண்டும். ஆராய்ச்சியில் எதிர்பாராமல் வந்த தடை அப்படிப்பட்ட காரணமாக விதியிலேயே ஏற்கப்பட்டிருக்கிறது. அதனால் லேப் நோட்டை ஒழுங்காக எழுதுங்கள். எந்தத் தேதியில் எந்த பம்ப் நின்றது, உதிரிபாகம் எப்போது வந்தது என்று இருந்தால் பேராசிரியருக்குக் கடிதம் எழுதுவது எளிது, உங்களுக்கும் வருடம் எங்கே போனது என்ற கணக்கு இருக்கும்.

பாதுகாப்புப் பயிற்சியை ஆன்லைனில் கிளிக் செய்து முடித்துவிட்டு மறந்துவிடாதீர்கள், தயவுசெய்து. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ எழுநூறு லிட்டர் வாயுவாகும். சிறிய அறையில் அது ஆக்சிஜனைத் தள்ளிவிடும், மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் மயங்கி விழுவீர்கள். நைட்ரஜன் பாத்திரத்தோடு லிஃப்டில் ஏறக்கூடாது என்று சொல்வது இதனால்தான். லேசர் மேசையருகே கீழே விழுந்த திருகை எடுக்கக் குனியும்போது கண் கதிரின் உயரத்துக்கு வந்துவிடும். அகச்சிவப்பு லேசர் என்றால் கண்ணுக்கே தெரியாது. மோதிரம், வளையல், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள், கதிர் அவற்றில் பட்டுத் தெறிக்கும். மெஷின் ஷாப்பில் லேத் முன்னால் துப்பட்டா கூடாது, கையுறை கூடாது, முடியை இறுகக் கட்டுங்கள். கையில் அம்மா கட்டிவிட்ட சாமிக் கயிறு இருந்தால் அதையும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. இரவில் தனியாக ஆபத்தான வேலை வேண்டாம், பேராசிரியர் அவசரப்படுத்தினாலும்.

இன்னொன்று நம் வளர்ப்பு சம்பந்தப்பட்டது. "சார்" என்று எழுந்து நின்று பழகிய நமக்கு, புரியாவிட்டாலும் தலையாட்டுவது கைவந்த விஷயம். வகுப்பில் அது மதிப்பெண்ணோடு போய்விடும். லேபில் வால்வைத் தவறாகத் திறப்பதில் போய் முடியும். புரியவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள். ஏதாவது உடைந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். டர்போ பம்ப் பல ஆயிரம் டாலர் என்றாலும் உடைகிற பொருள்தான், பட்ஜெட்டில் அதற்கும் இடம் வைத்திருப்பார்கள். மறைத்து வைத்தால் அடுத்தவர் மாதக்கணக்கில் தப்பான டேட்டா எடுப்பார். அந்த நம்பிக்கை போனால் திரும்ப வராது. பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதும் சில வாரத்தில் பழகிவிடும்.

டி.ஏ. வேலைக்குப் பல பல்கலைக்கழகங்கள் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு வைக்கின்றன. மெதுவாகப் பேசுங்கள், பலகையில் எழுதிக்கொண்டே பேசுங்கள், போதும். செமஸ்டர் நடக்கும்போது எஃப்-1 மாணவர் விசாவில் வளாக வேலை வாரம் 20 மணி நேரம் வரைதான்.

வருமான வரி பற்றிச் சுருக்கமாக: வருமானமே இல்லாவிட்டாலும் வரித் துறைக்கு 8843 படிவம் அனுப்ப வேண்டும். முதல் ஐந்து காலண்டர் வருடங்கள் பொதுவாக 1040-என்ஆர் என்ற வெளிநாட்டவருக்கான வரிப் படிவம். அதில் இந்தியாவிலிருந்து வந்த மாணவர்கள் வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி, வரி போடும் முன் வருமானத்தில் ஒரு நிலையான தொகையைக் கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கலாம். மற்ற நாட்டு மாணவர்களுக்குப் பொதுவாக இது கிடையாது என்பதால் லேப் நண்பர் சொல்வதை அப்படியே நிரப்பாதீர்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களும் தங்கள் நாட்டு ஒப்பந்தத்தைத் தனியாகப் பாருங்கள்.

சிலர் தேசிய ஆய்வகங்களுக்கும் போக வேண்டியிருக்கும்: ஆர்கான், ஃபெர்மிலேப், புரூக்ஹேவன். வெளிநாட்டவர் உள்ளே நுழைய முன்கூட்டியே அனுமதி வேண்டும், அதற்கு வாரங்கள் ஆகலாம். பீம் டைம் (அங்குள்ள துகள் அல்லது எக்ஸ்-கதிர் கற்றையைப் பயன்படுத்த ஒதுக்கும் நேரம்) தேதி வந்த அன்றே பாஸ்போர்ட், ஐ-20, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) நகல்களோடு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். பீம் கிடைத்தால் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும், ஷிப்ட் போட்டுத்தான் தூங்க வேண்டும். ஆர்கான் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அது இருக்கும் லெமாண்ட்டிலேயே சிகாகோ வட்டாரத்தின் பெரிய இந்துக் கோயில் ஒன்று இருக்கிறது. ஷிப்ட் முடிந்த காலையில் போய்விட்டு வரலாம்.

கடைசியாக ஊருக்குப் போவது. விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் புதுப்பித்துத்தான் திரும்ப முடியும். லேசர், செமிகண்டக்டர், அணுக்கரு போன்ற துறைப் பெயர்களைப் பார்த்ததும் கூடுதல் விசாரணை வேண்டும் என்று 221ஜி தாள் கொடுத்து விசாவை நிறுத்தி வைப்பது இயற்பியல் மாணவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது. சிலருக்குச் சில வாரம், சிலருக்கு மாதக்கணக்கில். ஆராய்ச்சியை எளிய சொற்களில் விளக்கும் பேராசிரியர் கடிதம், சி.வி., பேப்பர் பட்டியல், கடந்த ஒரு வருடத்துக்குள் பயணக் கையெழுத்து வாங்கிய ஐ-20, இவற்றைக் கையில் வைத்திருங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் புறப்படும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒருமுறை கேளுங்கள். அக்கா கல்யாணத்துக்குத் தேதி குறிக்கும் முன்பே வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள். பீம் டைமுக்கோ க்வாலிஃபையருக்கோ (பி.எச்டி. தகுதித் தேர்வு) முந்தின மாதம் விசா ஸ்டாம்பிங் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இல்லாதபோது கருவியைப் பார்த்துக்கொள்ள லேபில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள், திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள்.