பிளேக் நோயாளிகளின் பழைய புகைப்படங்களை முகம் தெரிய எல்லாருக்கும் திறந்து விடலாமா?

அகழ்வன்:
கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அப்போலோ என்று ஒரு எண்ணிம (டிஜிட்டல்) களஞ்சியம் இருக்கிறது. மூன்றாம் பிளேக் பெருந்தொற்றுக் காலத்துப் புகைப்படங்களை அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். கிறிஸ்டோஸ் லின்டெரிஸ் என்ற மானுடவியலாளர் தலைமையில், ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் நடந்த ஆய்வின் பலன் அது. 1894இல் ஹாங்காங், 1896இல் பம்பாய், 1910இல் மஞ்சூரியா என்று நோய் போன ஊருக்கெல்லாம் பின்னாலேயே கேமராவும் போயிருக்கிறது. உழைப்பைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் காலத்து மருத்துவப் படங்களில் கையைத் தூக்கி அக்குளில் நெறி கட்டிய பிளேக் வீக்கத்தைக் காட்டியபடி இருக்கிற ஆளிடம் யாராவது அனுமதி கேட்டிருப்பார்களா? இந்த மாதிரிப் படங்களை ஆய்வாளராகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் காட்டினால் போதும் என்பது என் கட்சி.

நூலகத்து எலி:
(பிளேக் பற்றிய இழைக்கு இந்தப் பெயரோடு வந்து நிற்பது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)
பதிவு செய்த ஆய்வாளர் என்றால் யார்? பல்கலைக்கழக மின்னஞ்சல் வைத்திருப்பவர். படத்தில் படுத்திருப்பவரின் கொள்ளுப்பேத்திக்கு அது இருக்காது. ஆக, பூட்டுப் போட்டால் வெளியே நிற்கப் போவது அவர்தான், உள்ளே போவது மறுபடியும் படம் எடுத்தவர்களின் வாரிசுகள். சட்டத்தைப் பார்த்தாலும் தடையில்லை. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான். அமெரிக்காவின் ஹிப்பா விதி ஒருவர் இறந்து 50 ஆண்டு வரை அவருடைய மருத்துவ விவரத்தைக் காக்கும், அதோடு சரி. 1897இல் எடுத்த படத்துக்கு இதில் எதுவும் பொருந்தாது.

அகழ்வன்:
சட்டம் விட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா? ஹார்வர்டில் நடந்ததைப் பாருங்கள். 1850இல் லூயி அகாசி என்ற பேராசிரியர், இனங்கள் வேறு வேறாகத் தோன்றியவை என்று நிறுவுவதற்காக, ரென்டி என்ற அடிமை மனிதரையும் அவர் மகள் டீலியாவையும் ஆடை களைந்து படம் எடுக்க வைத்தார். அவர்கள் வழிவந்தவர் என்று சொன்ன ஒரு பெண்மணி 2019இல் வழக்குப் போட்டார். படத்தில் இருப்பதால் மட்டும் படம் சொந்தமாகிவிடாது என்று சொன்ன அதே மாசசூசெட்ஸ் நீதிமன்றம், அவர் பட்ட மன வேதனைக்கு ஹார்வர்டு மேல் வழக்கை நடத்தலாம் என்று 2022இல் சொன்னது. அப்புறம் 2025இல் சமரசம் ஆனது.

நூலகத்து எலி:
நல்ல உதாரணம், ஆனால் அது எனக்குச் சாதகமான உதாரணம்! அந்தப் பெண்மணி படங்களை ஒளித்து வைக்கவா கேட்டார்? எங்களிடம் கொடுங்கள் என்றுதானே கேட்டார்? சமரசத்தில் படங்கள் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போவதாகத்தான் முடிவானது. பார்க்கிற உரிமையும் பேசுகிற உரிமையும் யாருக்கு என்பதுதான் அங்கே சண்டை.

தாளம்பூ:
இரண்டு பேரும் முகத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், படத்துக்குக் கீழே உள்ள வாசகத்தை யாராவது படித்தீர்களா? ஹாங்காங்கில் 1894இல் ஆங்கிலேயச் சிப்பாய்கள் தாய்பிங்ஷான் பகுதியில் வீடு வீடாகப் புகுந்து சாமான்களை வெளியே தள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அதற்கு அந்தக் காலத்திலேயே வெள்ளையடிப்புப் படை என்று பெயர். பம்பாய்ப் படங்களிலும் சுண்ணாம்பு, தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம், சோதனை போகிற அதிகாரிகள். ஏன் எல்லாமே கழுவல் படமாக இருக்கிறது என்றால், 1894இல் யெர்சன் என்ற ஆய்வாளர் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தாலும் எலித்தெள்ளு அதைக் கடத்துகிறது என்று சிமோண்ட் என்ற மருத்துவர் கராச்சியில் காட்டியது 1898இல்தான். அதுவரை அழுக்குதான் குற்றவாளி. ஆண்டையும் இந்தப் பின்னணியையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், படம் என்ன சொல்லும்? இந்த ஜனங்கள் அழுக்காக இருந்தார்கள், அதனால் செத்தார்கள் என்று சொல்லும். தேடுபொறியில் படம் மட்டும் தனியாக வந்து விழுகிறது, வாட்ஸ்அப்பில் போனால் உள்ளே பதித்த மெட்டாடேட்டாவும் (ஆண்டு, இடம் மாதிரி விவரங்கள்) கழன்றுவிடுகிறது. முகம் தெரிவதைவிட எனக்கு இதுதான் பயம். களஞ்சியப் பதிவில் எடுத்தவர் எழுதிய வாசகம் ஒரு கட்டத்தில், இன்றைக்கு நாம் எழுதும் விளக்கம் வேறொரு கட்டத்தில் என்று பிரித்து வைக்க வேண்டும். பழைய வசைச் சொல்லை அழிக்கவும் கூடாது, அதையே தலைப்பாகப் போடவும் கூடாது.

மருதன்:
பொதுசுகாதாரம் படிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக்கில் சுமார் 60,000 பேர் இறந்தார்கள். பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த ஊ லியன்-தே என்ற மருத்துவர், நோய் காற்று வழியாகப் பரவுகிறது என்று சொல்லிப் பஞ்சும் துணியும் வைத்த முகக்கவசத்தைக் கட்டாயப்படுத்தினார். அந்தக் கவசம் முகத்தில் எப்படி உட்கார்ந்தது என்பதைக் கட்டுரை படித்து என்னால் யோசிக்க முடியவில்லை, படத்தைப் பார்த்த உடனே புரிந்தது. பூட்டியிருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேன்.

அகழ்வன்:
மருதன், நீங்கள் சொல்வது மருத்துவர்கள் கவசம் போட்டு நிற்கிற படம். அதை யார் மறைக்கச் சொன்னது? நோயாளி, பிணம், குழந்தை, இந்த மூன்றைப் பற்றித்தான் பேசுகிறேன். சரி, பதிவு வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிடுகிறேன், எலியார் சொன்ன கொள்ளுப்பேத்தி விஷயம் நியாயம். ஆனால் தேடல் பட்டியலில் சிறுபடம் மங்கலாக வரட்டும், விளக்கத்தைப் படித்துவிட்டுச் சொடுக்கினால் முழுதாகத் திறக்கட்டும். தாளம்பூவின் கவலைக்கும் அதுவே பதில்.

நூலகத்து எலி:
பாதி ஒப்புக்கொள்கிறேன். விளக்கம் முன்னால் வருவது சரி, மங்கலாக்குவதுதான் உறுத்துகிறது. அதிகாரி கம்பீரமாக, தெளிவாக நிற்பார், நோயாளி மட்டும் மங்கலாக இருப்பார். வெட்கப்பட வேண்டியவர் அவரா?

தாளம்பூ:
அப்படியானால் எல்லாச் சிறுபடத்தையும் மங்கலாக்கட்டும், அதிகாரி உட்பட.

நூலகத்து எலி:
அது பிடித்திருக்கிறது. தேட வருகிறவர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை.

அகழ்வன்:
குழந்தைகளின் படத்துக்கு இதுவும் போதாது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். நாளைக்கு எழுதுகிறேன்.