ஸ்டெல்லேரியம் பொம்மையாம்!

தோவாளைக்காரன்: கணினியில் வானத்தை வரைந்து காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளைப் பற்றி முட்டத்து அண்ணாச்சி நேற்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "ஸ்டெல்லேரியம் பிள்ளைகளுக்குப் படம் காட்டத்தான் ஆகும், டெலஸ்கோப்பை ஓட்ட ஆகாது. தள்ளிப் போய் நிற்கிறது." ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணாச்சி, தள்ளி நின்றதற்குக் காரணம் ஜே2000, அதாவது 2000-ஆம் ஆண்டு நிலவரப்படி போட்ட நட்சத்திர இடக் கணக்கு. டெலஸ்கோப்பைச் சேர்க்கும் பெட்டியில் எந்த ஆயத்தொலைவு முறை என்று கேட்கும். தொடாமல் விட்டால் ஜே2000-ல் நிற்கும். உங்கள் ரிமோட்டுக்கு வேண்டியது இன்றைய தேதிக்கான கணக்கு, அதாவது ஜேநவ். பூமியின் அச்சு பம்பரம் மாதிரி தலையாட்டுவதால் அந்தக் கணக்கு வருஷத்துக்குச் சுமார் 50 ஆர்க் விநாடி நகர்கிறது (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஆர்க் நிமிடம், அதில் அறுபதில் ஒரு பங்கு ஆர்க் விநாடி). 25 வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 21 ஆர்க் நிமிடம். நிலாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு! ஒரு கிளிக்கில் தீருகிற காரியத்துக்கு மென்பொருளைப் பொம்மை என்பதா?

முட்டம் பாறை: தம்பி, நான் சொன்னது நடந்த கதை. சித்திரையில் பாறைமேல் எட்டு இஞ்சை வைத்து, அண்டாரிஸ் நட்சத்திரத்துக்குப் பக்கத்து எம்80 என்ற நட்சத்திரக் கொத்தைத் தேர்ந்தெடுத்து, டெலஸ்கோப்பை அங்கே திருப்பக் கண்ட்ரோலோடு 1 அழுத்தினேன். மோட்டார் கிர்ரென்று ஓடி நின்றது. கண் வைத்துப் பார்க்கும் 10 மி.மீ. ஐபீஸில் வெறும் இருட்டு. அப்புறம் கார்ட்ஸ் டு சியல் என்ற இன்னொரு வான வரைபட மென்பொருளைத் திறந்தேன். அதே கேபிள், அதே ராத்திரி. எம்80 நடுவில் வந்து உட்கார்ந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்?

தோவாளைக்காரன்: 1200 மி.மீ. குவியத்தூரத்துக்கு 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. தெரிகிற வட்டமே அரை டிகிரிக்கும் குறைவு. 21 நிமிடம் விலகினால் எம்80 எங்கே தெரியும்? 25 மி.மீ. போட்டிருந்தால் ஓரத்திலாவது பஞ்சுப் பிசிறு மாதிரி ஒன்று தெரிந்திருக்கும். ஜே2000 அண்ணாச்சி, ஜே2000.

மணக்குடிக் காயல்: 25 மி.மீ. என்று பேச்சு வந்ததால் கேட்கிறேன். பொங்கல் லீவில் மருந்துவாழ்மலை அடிவாரத்தில் என்னிடம் "பத்து நிமிஷம்" என்று வாங்கிய 25 மி.மீ. ஐபீஸ் இப்போது யாரிடம் இருக்கிறது? தோவாளைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

குழித்துறை ஆற்றங்கரை: ரெண்டு பேரும் ரெண்டு வேலையைப் போட்டுக் குழப்புகிறீர்கள். வானத்தை வரைந்து காட்டுவது ஒன்று, மோட்டாரோடு பேசுவது இன்னொன்று. இரண்டாவதை விண்டோஸில் ஆஸ்காம் என்ற டிரைவர் ஏற்பாடு பார்த்துக்கொள்ளும், லினக்ஸில் இண்டி. நான் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் கேஸ்டார்ஸ் என்ற வான மென்பொருளை வைத்திருக்கிறேன், ஒரு தொல்லையும் இல்லை.

தோவாளைக்காரன்: டிரைவரைப் பற்றி யார் கேட்டது வே? இங்கே பேச்சு ஜே2000. அதுவும் மேற்கே இருப்பவர்களுக்கு வானம் தெரிவதே அபூர்வம், இதில் தொல்லை எங்கிருந்து வரும்!

குழித்துறை ஆற்றங்கரை: இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) எங்களுக்கு என்றால் ஐப்பசி மழை உங்களுக்கு. துருவ நட்சத்திரமே எட்டு டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. வடக்கே மலையை வைத்துக்கொண்டு அதைக்கூடப் பார்க்க முடியாத ஊர்க்காரர் எங்கள் வானத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

தோவாளைக்காரன்: என்னுடையது டாப்சோனியன், துருவத்தைக் குறிவைக்காமல் தரையில் வைத்துத் திருப்புகிற வகை; துருவம் எனக்கெதற்கு? அண்ணாச்சி இன்னும் ஜே2000-க்குப் பதில் சொல்லவில்லை.

இரணியல் புதுசு: மன்னிக்கணும். ஆறு இஞ்ச் டாப்சோனியன் வாங்கியிருக்கேன், மோட்டார் கிடையாது. ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தைத் தேடிப் பார்க்கணும். எந்த ஆப் இறக்கட்டும்?

தோவாளைக்காரன்: ஸ்டெல்லேரியம்தான் மோளே. இறக்கியதும் முதல் வேலையாக ஜே2000-ஐ மாற்றிவிடு.

குழித்துறை ஆற்றங்கரை: மோட்டாரே இல்லை என்கிறாள்!

முட்டம் பாறை: ஜே2000, ஜே2000 என்று கிளிப்பிள்ளை மாதிரி. சரி, அந்த விலகல் இருந்தாலும் பக்கத்து நட்சத்திரத்தில் சிங்க் பண்ணினால், அதாவது அதை நடுவில் வைத்து 'இதுதான் அது' என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால், போய்விடுமே? கார்ட்ஸில் அண்டாரிஸைப் பிடித்து சிங்க் பண்ணிவிட்டுத்தான் எம்80-க்குப் போனேன்.

தோவாளைக்காரன்: ஆகா! அங்கே சிங்க் பண்ணினீர்கள், இங்கே பண்ணவில்லை. ஒருவனுக்கு இலை போட்டுச் சோறு, இன்னொருவனுக்கு வெறும் கை. அப்புறம் இவன் சாப்பிடத் தெரியாதவன் என்று தீர்ப்பு! எல்லாரும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டம் பாறை: சிங்க் எவனும் செய்கிறதுதான். 1.0 என்று போடவே 2022 அக்டோபர் வரை இழுத்த மென்பொருளுக்கு இவ்வளவு வக்காலத்தா? நான் டெலஸ்கோப் தொட்டபோது உமக்கு அரைஞாண் கயிறுகூட நிற்காது.

தோவாளைக்காரன்: வயசைச் சொன்னால் 21 நிமிடம் குறையாது. வருகிற சனிக்கிழமை முட்டத்துக்கே வருகிறேன். சிங்க் பண்ணாமல், ஜேநவ் மட்டும் மாற்றி, உங்கள் கண்முன்னே எம்80-ஐப் பிடித்துக் காட்டுகிறேன்.

முட்டம் பாறை: வாரும். கேபிள் உம்முடையதைக் கொண்டு வாரும், என்னுடையதைத் தொட விடமாட்டேன். எம்80 நடுவில் வந்தாலும் அது கேபிளால் என்றுதான் சொல்வேன்.

மணக்குடிக் காயல்: அப்படியே அந்த 25 மி.மீ.யும்.

தோவாளைக்காரன்: ஜே2000 பற்றி மட்டும் பேசவும்.